எய்தியது விலக்கல்: திருச்சபை விலக்கு விதிகளை வழக்குச் சான்றாகக் கொள்ளும் முறை

1. வினா

தொல்காப்பியத்திற்கு உரை கண்ட சான்றோர் நூற்பாக்களின் நோக்கத்தை வகுத்துரைக்குங்கால் ‘எய்தியது விலக்கல்’ என்று ஒரு வகையைக் குறிப்பர். முன்னர் ஒரு விதியாற் பெறப்பட்டதனைப் பின்னர் வரும் விதி தடுக்குமாயின் அஃது இவ்வகையின்பாற்படும். பெறப்படாத ஒன்றை விலக்குதற்கு எவரும் நூற்பாச் செய்யார். எனவே விலக்கு உண்டெனின் விலக்கப்பட்டதும் உண்டு என்று கொள்ளுதல் இலக்கண நெறிக்கு முற்றும் பொருந்துவதாம். சமய வரலாற்றிற்கும் மக்கள் வழக்காற்று ஆய்விற்கும் இந்நெறி அவ்வாறே பொருந்துமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

இவ்வினா எழுந்த இடத்தையும் கூறிவிடல் நன்று. காஞ்சிபுரம் பகுதியில், திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் அண்மையில் உள்ளது வல்லக்கோட்டை. நெடிய திருமேனியுடைய முருகன் கோயில் கொண்ட ஊர் அது. இன்று அவ்வூரைச் சூழத் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. அங்கிருந்து வரும் முதுகலை மாணவர் ஒருவர் தம் ஊர்ப் பக்கத்துத் திருமணச் சடங்குகளைத் தொகுத்து ஆய்வேடு எழுதினார். மஞ்சள் தோய்த்த தாலிச் சரடு, பந்தலில் நடும் மரக்கிளை, தேங்காய் உடைத்தல், ஆலத்தி சுற்றல் ஆகியவற்றை நேரிற் கண்டு நன்கு விளக்கியிருந்தார். இறுதியில், இவற்றை 1704-ஆம் ஆண்டில் புதுச்சேரியில் பிறந்த கத்தோலிக்கத் திருச்சபையின் ஆணை விலக்கியுள்ளது. ஆகலின் இவை அந்நாளில் எம்மூர்ப் பக்கத்தில் இவ்வாறே வழங்கின என்று முடிபு கூறியிருந்தார். அம்முடிபு பிழை என்று உடனே தள்ளவும் இயலவில்லை; சரி என்று கொள்ளவும் இயலவில்லை. இத்தகைய முடிபுகள் அச்சேறிய நூல்களிலும் காணப்படுதலின், இதனை விரிவாக ஆராய்தல் வேண்டுவதாயிற்று.

2. ஆங்கில நாட்டுச் சான்றுகள்

விலக்கு விதிகளைக் கொண்டு பழைய வழிபாட்டை அறிய முயன்றோர்க்கு நேர்ந்த இடர்ப்பாட்டினை ஆங்கில நாட்டு வரலாறு தெளிவாகக் காட்டும். ஆங்கிலோ-சாக்சானியர் கிறித்துவம் தழுவியது கி.பி. 597-க்குப் பின்னர். அதற்கு முன்னர் அவர்கள் வழிபட்ட முறையை அவர்களே எழுதி வைத்திலர். இன்று நமக்குக் கிடைப்பனவற்றுட் பெரும்பாலன அதனை ஒழிக்க முற்பட்டோர் எழுதியவை. அரசர் சட்டங்கள், ஆயர் மன்ற விதிகள், குற்றத்திற்குக் கழுவாய் வகுக்கும் நூல்கள் என அவை மூவகைப்படும்.

கெந்து நாட்டு அரசன் விட்ரெட் 695-இல் இயற்றிய சட்டம் பேய்த் தெய்வங்கட்குப் பலியிடுவோர்க்குத் தண்டம் விதிக்கின்றது. மனைவி அறியாமற் கணவன் பலியிடின் அவன் தன் பொருளை இழப்பான். இருவரும் உடன்பட்டுச் செய்யின் இருவர்க்கும் தண்டம். அடிமை செய்யின் ஆறு சில்லிங்கு செலுத்துதல் வேண்டும், அல்லது கசையடி பெறுதல் வேண்டும். காண்டர்பரித் தலைமை ஆயராய் இருந்து 690-இல் மறைந்த தியோடோரின் பெயரால் வழங்கும் கழுவாய் நூல், காய்ச்சல் தீரும் பொருட்டுத் தன் மகளைக் கூரை மீதோ அடுப்பினுள்ளோ வைக்கும் தாய்க்கு ஏழாண்டுக் கழுவாய் கூறுகின்றது. இறந்தார் கிடந்த இடத்தில் உயிருடன் இருப்போர் நலங்கருதித் தானியத்தை எரிப்போர்க்கு ஐந்தாண்டு. 747-இல் கூடிய குளோவெசோ மன்றம், ஆயர்கள் ஆண்டுதோறும் தம் எல்லையைச் சுற்றி வந்து குறி கேட்டல், நிமித்தம் பார்த்தல், காப்புக் கட்டல், மந்திரித்தல் ஆகியவற்றைத் தடுக்க வேண்டும் என்று விதித்தது. ஏறத்தாழ 1020-இல் கனூட்டு மன்னனின் சட்டம், ஞாயிறு, திங்கள், தீ, ஓடும் நீர், ஊற்று, கல், மரம் ஆகியவற்றை வழிபடுதல் புறச்சமயம் என வரையறுத்தது. அச்சட்டத்தை வரைந்தவர் யார்க்கு நகரத் தலைமை ஆயர் உல்ப்சுதான்.

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்கி, ஆங்கிலேயர் நானூறாண்டுகள் மரத்தையும் கல்லையும் ஊற்றையும் விடாது வழிபட்டனர் என்று முன்னையோர் எழுதினர். பின்வந்த ஆய்வாளர் ஐயுற்றனர். மரம், கல், ஊற்று என்னும் இவ்வடுக்கு, 542-இல் மறைந்த ஆர்ல் நகர ஆயர் சிசேரியசின் மறையுரைகளிலும் காணப்படுகின்றது. அவர் கடிந்தது தென் பிரெஞ்சு நாட்டு உழவரை. அவர் சொற்களைப் பின்வந்த மன்றங்களும் நூல்களும் வழிவழியாக எடுத்தாண்டன. செருமானிய அறிஞர் ஹார்மெனிங் 1979-இல் வெளியிட்ட நூலில், இடைக்காலத்து மூடவழக்கப் பட்டியல்களிற் பெரும்பகுதி ஏட்டிலிருந்து ஏட்டிற்கு வந்தனவே. வாழ்க்கையிலிருந்து ஏட்டிற்கு வந்தன அல்ல என்னும் கருத்தை வலியுறுத்தினார்.

ஈண்டு உரையாசிரியர் தம் வகைப்பாட்டை மீண்டும் நினைதல் வேண்டும். அவர்கள் கூறிய ‘எய்தியது’ என்பது முன்னை நூற்பாவால் எய்தியதே. சமய விலக்குகளிலும் விலக்கப்பட்டது நூலால் எய்தியதாக இருக்கலாம். வழக்கால் எய்தியதாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் வேறுபிரியாமற் கொள்வதே முன்னையோர் செய்த பிழை. எல்லாம் நூலால் எய்தியனவே என ஒதுக்குதல் பின்னையோர் சிலர் செய்யும் பிழை. கனூட்டின் சட்டம் பழைய அடுக்கைக் கூறினும், தேனிய நாட்டிலிருந்து வந்து குடியேறியவர் மிகுந்திருந்த காலத்து எழுந்ததாகலின், பழஞ்சொல் புதியதொரு தேவைக்கு ஆளப்பட்டிருத்தலும் கூடும்.

விட்ரெட்டின் விதியோ இவ்வையத்திற்கு இடந்தரவில்லை. மனைவி அறியாமல் என்னும் அடை எந்த மறையுரையிலிருந்தும் வருதற்குரியதன்று. அது சொத்துரிமை பற்றிய கெந்து நாட்டு வழக்குமன்றச் சிந்தனை. கணவன் செய்த குற்றத்தால் மனைவி தன் பங்கை இழக்கலாமா என்பது உண்மையாகவே எழுந்த வினாவாதல் வேண்டும். பலி இல்லத்தில் நடந்தது, சில வேளைகளில் ஒருவர் அறியாமல் ஒருவர் செய்தனர் என்பன அதனாற் போதரும். பொதுச்சொல்லினின்று விலகி இடத்திற்கேயுரிய நுணுக்கம் தோன்றுமிடத்து வழக்கின் குரல் கேட்கின்றது என்க.

3. தமிழில் நூலால் எய்திய விலக்கு

இந்நிலை தமிழுக்குப் புதிதன்று. சமண நெறியினர் இல்லறத்தார்க்குரிய ஒழுக்கம் கூறும் அருங்கலச்செப்பு என்னும் நூலில் மூடம் என்னும் அறியாமை வகுத்துரைக்கப்படுகின்றது. உலகம், தேவர், பாசண்டியர் பற்றிய மூவகை மூடம் அது. ஆறு கடல்களில் நீராடுதலைப் புண்ணியமெனக் கொள்ளுதல், மணலும் கல்லும் குவித்தல், மலையினின்று வீழ்தல், தீயிற் புகுதல் என்பன உலக மூடமாகச் சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டகத்திற் கூறப்பட்டன. அருங்கலச்செப்பு அதன் வழிநூல். ஆகவே இப்பகுதியைக் கொண்டு தமிழ்நாட்டார் மணற்குவியலை வழிபட்டனர் என ஒருவர் கூறுவாராயின், அவர் வழிநூலை முதனூலாக மயங்கினவர் ஆவர். தமிழ்நாட்டில் அவ்வழக்கம் இருந்திருக்கலாம். ஆயின் அதற்குச் சான்று இந்நூல் அன்று. வழிநூல் எது என அறிந்து படிக்கும் பயிற்சி தமிழ் மாணவர்க்கு இலக்கணக் கல்வியிலேயே கிடைத்துள்ளது. அதனைச் சமய நூல்களிடத்தும் செலுத்துதலே வேண்டுவது.

4. புதுச்சேரி ஆணை

இனித் தமிழ்நாட்டுத் திருச்சபை விலக்குகளை நோக்குவோம். இவ்வரலாறு அச்சுக்கலையின் தொடக்கத்தோடே தொடங்குகின்றது. அண்டிரிக் அடிகளார் 1580-இல் கொச்சியில் அச்சிட்ட கொம்பெசியொனாயரு, பாவ அறிக்கை செய்வோர்க்கு வழிகாட்டும் தமிழ் உரைநடை நூல். ஆங்கில நாட்டுக் கழுவாய் நூல்கள் செய்த பணியைக் கடற்கரைத் தமிழரிடத்துச் செய்ய எழுந்தது அது. அதன் அமைப்பு மேனாட்டு நூல்களின் மரபைத் தழுவியது. ஆதலின் அதன் ஒவ்வொரு வினாவையும் மேனாட்டு முன்மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முத்துக்குளித்துறை வழக்கிற்குச் சான்றாக்குதல் தகும்.

மாணவர் எடுத்துக்காட்டிய ஆணை 1704 சூன் 23-இல் ஒப்பமிடப்பெற்று, சூலை 8-இல் வெளியிடப்பெற்றது. பிறப்பித்தவர் திருத்தந்தையின் தூதராகச் சீன நாட்டிற்குச் செல்லும் வழியில் புதுச்சேரியில் தங்கிய தூர்னோன் ஆண்டகை. அதன் பதினாறு விதிகளுட் சில வருமாறு: பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அணிதல் கூடாது. 108 இழைகளால் முறுக்கி மஞ்சள் தோய்த்த சரட்டில் தாலியைக் கோத்தல் கூடாது. மணத்தில் மரக்கிளை நடுதலும், தேங்காய் உடைத்து நிமித்தம் காண்டலும், கண்ணேறு கழிக்கத் தலையைச் சுற்றலும் கூடா. ஆறேழு வயதுக் குழந்தைகட்கு மணம் முடித்தல் கூடாது. பெண் முதற் பூப்பெய்துங்கால் விழாக் கொண்டாடல் கூடாது. கிறித்தவ இசைவாணர் கோயில் விழாக்களில் இசைத்தல் கூடாது. சாணத்தை எரித்த நீற்றை நெற்றியில் அணிதல் கூடாது. புறச்சமய நூல்களை இசைவின்றிப் படித்தல் கூடாது.

இப்பட்டியலைக் கனூட்டின் பட்டியலோடு ஒப்பிடுக. ஞாயிறும் திங்களும் மரமும் கல்லும் எந்நாட்டிற்கும் பொதுவானவை. 108 இழை என்னும் எண் எந்த ஐரோப்பிய மறையுரையிலிருந்தும் வந்திருத்தற்கில்லை. இலத்தீனில் எழுதப்பட்ட அவ்வாணையில் தாலி, பிள்ளையார் என்னும் தமிழ்ச்சொற்கள் அவ்வாறே இடம்பெறுகின்றன. மொழிபெயர்க்கவியலாத பொருளைக் கண்டவிடத்தே பிறமொழியாளர் நாட்டுச் சொல்லைக் கடன் கொள்வர். ஆகவே இவ்விதிகள் வழக்கால் எய்தியதனை விலக்குகின்றன என்பது தெளிவு. இதுகாறும் மாணவர் கொண்டது சரியே.

ஆயின் மூன்று வரம்புகளை உடன் கூறுதல் வேண்டும்.

முதலாவது, தூர்னோன் இவற்றை நேரிற் கண்டவர் அல்லர். அவர் புதுச்சேரியில் ஏறத்தாழ எட்டுத் திங்கள் தங்கினார். அந்நாளில் நோயுற்றிருந்தமையின் உள்நாட்டுக்குச் செல்லவில்லை. கர்நாடகப் பணித்தளத்துப் பூசே அடிகளும் மதுரைப் பணித்தளத்துப் பெர்தோல்தி அடிகளும் கூறக் கேட்டே ஆணையை அமைத்தார். இருவேறு பகுதிகளின் செய்திகள் ஆணையில் ஒன்றாகக் கலந்துள்ளன. எந்த விதி எந்தப் பகுதியைச் சுட்டுகின்றது என்பதற்கு ஆணையின் வாசகத்திற் குறிப்பு இல்லை. எனவே ‘எம்மூர்ப் பக்கத்தில்’ என்னும் மாணவரது முடிபு ஆணையின் எல்லையைக் கடந்தது.

இரண்டாவது, விலக்கப்பட்டோர் கிறித்தவர். அவர்கள் தம் முன்னோர் வழக்கைத் தொடர்ந்தனர் என்பது உண்மையாயினும், அவர்தம் வழக்கையே ஊர் முழுமைக்கும் ஏற்றிக் கூறுதற்குப் பிற சான்றுகள் துணை நிற்றல் வேண்டும்.

மூன்றாவது, விலக்குவோன் செயலைச் சரியாகக் கேட்டறிந்தாலும் அதன் பொருளைப் பிழைபட உணர்தல் உண்டு. ஆணை பிள்ளையாரை மணச்சடங்கிற்குரிய தெய்வம் எனக் குறிக்கின்றது. எத்தொழிலையும் தொடங்குமுன் வணங்கப்படும் தெய்வமாகவே தமிழர் பிள்ளையாரை அறிவர். தாலியிற் கண்டமையால் அவரை மணத் தெய்வமாக்கியது உரோமானியர் தம் தெய்வங்களைத் தொழில்தோறும் பகுத்த மரபிற் பயின்ற அறிவு. ஆகவே ‘என்ன செய்தனர்’ என்பதற்கு இவ்வாணை வலிய சான்று. ‘ஏன் செய்தனர்’ என்பதற்கு மிக மெலிந்த சான்று. மாணவர் ஆய்வேட்டில் இவ்விரண்டும் ஒரே வலிமையுடையனவாகக் கொள்ளப்பட்டிருந்தன.

ஆணை வெளியானவுடன் சேசு சபையார் அதனைத் தளர்த்துமாறு முறையிட்டமையும், இவ்வழக்கு உரோமாபுரியில் நாற்பதாண்டுகள் நீண்டு 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் வெளியிட்ட ஆணையால் முடிவுற்றமையும் மற்றொரு வகைச் சான்று. வழங்காத ஒன்றிற்காக நாற்பதாண்டுகள் வழக்காடுவார் இலர். விலக்கின் வாசகத்தினும் விலக்குக்கு எழுந்த எதிர்ப்பு வழக்கின் உயிர்ப்பை நன்கு புலப்படுத்தும்.

5. எது வழக்கம், எது சமயம்?

திருத்தந்தை கிரிகோரியார் 601-இல் ஆங்கில நாட்டுக்குச் சென்ற மெல்லித்தசுக்கு ஓர் ஓலை விடுத்தார். புறச்சமயக் கோயில்களை இடிக்க வேண்டா. உள்ளிருக்கும் உருவங்களை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துத் திருப்பீடம் அமைக்க. காளைகளைப் பலியிட்டோர் திருவிழா நாளில் அவற்றை அறுத்து இறைவனை வாழ்த்தி உண்க என்பது அதன் கருத்து. அவ்வாண்டிலேயே கெந்து நாட்டு அரசனுக்கு விடுத்த ஓலையிற் கோயில்களை அழிக்குமாறு கூறியவரும் அவரே. பீடு அடிகளின் வரலாற்று நூல் இவ்விரு ஓலைகளையும் போற்றி வைத்துள்ளது. மெல்லித்தசுக்கு எழுதியதை நம் உரையாசிரியர் ‘எய்தியது விலக்கிப் பிறிதுவிதி வகுத்தல்’ என்பர்.

இவ்வோலை தமிழ்நாட்டு வரலாற்றிலும் இடம்பெற்றது. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட்டு தெ நொபிலி, பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு என்பன குடிமை வழக்கங்களே அன்றிச் சமயச் சடங்குகள் அல்ல என வாதிட்டார். 1619-இல் தம் நெறிக்கு அரண் செய்து எழுதிய நூலில், கிரிகோரியார் ஆங்கிலப் பணியாளர்க்குக் கூறிய அறிவுரையை அவர் மேற்கோளாகக் காட்டினார். 1623-இல் பதினைந்தாம் கிரிகோரியார் நிபந்தனைகளுடன் இசைவளித்தார். கெந்து நாட்டுக் கோயில்களைப் பற்றிய சொற்கள் ஆயிரம் ஆண்டுகட்குப் பின் மதுரைப் பூணூலுக்கு வழக்குரைத்தன.

நம் நாளில் இவ்வரலாற்றை எழுதுவோர் நொபிலியைப் பண்பாடு காத்தவராகவும் தூர்னோனைப் பண்பாடு அழித்தவராகவும் காட்டுதல் வழக்கமாகிவிட்டது. இப்பகுப்பை ஏற்றல் இயலாது. பதினாறு விதிகளை முழுமையும் படிப்போர் இரண்டினை மறவார். மாதவிலக்குற்ற பெண்களைத் திருக்கோயிலினின்று விலக்கி வைத்தல் கூடாது என்பது ஒன்று. பறையர் நோயுற்ற காலை அவர்தம் குடிசைக்கே குருமார் சென்று திருவருட்சாதனம் வழங்க வேண்டும் என்பது மற்றொன்று. பூப்பு விழாவை விலக்கிய ஆணையே பெண்ணுக்குக் கோயில் வாயிலைத் திறக்கச் சொன்னது. நீற்றை அழிக்கச் சொன்ன ஆணையே தீண்டாமையை மீறச் சொன்னது. ‘குடிமை வழக்கம்’ என்னும் பெயரால் நொபிலி நெறியினர் காத்தவற்றுள் சாதி வேறுபாடும் ஒன்றாய் இருந்தது.

இந்த இறுதி விதியே பெரிதும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. 1744-இல் அது பறையர்க்கெனத் தனிக் குருமாரை அமர்த்தலாம் என்னும் ஏற்பாடாகத் தளர்த்தப்பட்டது. தாலியில் உள்ள உருவம் பற்றிய விதி நின்றது. குடிசைக்குட் புகுதல் பற்றிய விதி வளைந்தது. அந்நாளில் சமயத்தினும் ஆழ வேரூன்றியிருந்தது எது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று. விலக்கு விதிகளை இழந்த பண்பாட்டின் பட்டியலாக மட்டும் தொகுப்போர் இச்சான்றைக் கைவிடுகின்றனர். அப்பட்டியலில் இழக்கத்தக்கனவும் இருந்தன என்பதை ஆய்வாளர் மறைத்தல் முறையன்று.

6. அண்மைக் காலத்து ஒப்புமை

அரசு சட்டத்தால் வழிபாட்டை வரையறுத்தல் பழங்கதையன்று. சென்னை மாநிலத்தில் 1950-இல் கோயில்களில் விலங்கும் பறவையும் பலியிடுதலைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. நெடுங்காலம் அது பெரிதும் செயற்படாது கிடந்தது. 2003 ஆகத்தில் அதனைக் கண்டிப்பாகச் செயற்படுத்துமாறு தமிழ்நாட்டரசு ஆணையிட்டது. சிற்றூர்களில் எதிர்ப்பு எழுந்தது. 2004-இல் சட்டமே நீக்கப்பட்டது. முந்நூறாண்டுகட்குப் பின் வரும் ஆய்வாளர் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தை மட்டும் கண்டால், விலங்கு, பறவை என்னும் பொதுச்சொற்களையே காண்பார். அய்யனாரையோ மாரியையோ முனியையோ காணார். 2003-இல் எழுந்த எதிர்ப்பின் பதிவுகளைக் கண்டாலன்றி அவர்க்கு வழக்கின் இயல்பு விளங்காது. புதுச்சேரி ஆணையையும் அதற்கெழுந்த முறையீடுகளையும் சேர்த்தே படித்தல் வேண்டும் என மேலே கூறியதற்கு இது நம் கண்முன் நிகழ்ந்த விளக்கம்.

7. முடிபு

மேற்கூறியவற்றால், விலக்கு விதி ஒன்றை வழக்குச் சான்றாகக் கொள்ளுமுன் ஆராயவேண்டுவன நான்கு எனப் பெறப்படும். அவ்விதி வழிநூலின் அடுக்கா, இடத்திற்கேயுரியதா என்பது ஒன்று. கூறியவர் கண்டவரா, கேட்டவரா, எப்பகுதியினின்று கேட்டார் என்பது இரண்டு. செயலைப் பற்றிய செய்தியும் அதன் பொருளைப் பற்றிய செய்தியும் வேறுபிரிக்கப்பட்டனவா என்பது மூன்று. விலக்குக்கு எதிர்ப்பு எழுந்ததா, எவ்விதி நின்றது, எவ்விதி தளர்ந்தது என்பது நான்கு.

வல்லக்கோட்டை மாணவர் தம் ஆய்வேட்டைத் திருத்தி எழுதினார். 1704-ஆம் ஆண்டு ஆணையை அவர் கைவிடவில்லை. கர்நாடக, மதுரைப் பணித்தளங்களின் கிறித்தவரிடையே 108 இழைத் தாலிச் சரடு வழங்கியமைக்கு அது சான்று என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். தம் ஊர் வழக்கின் தொன்மையை ஊர்ச் சான்றுகளாலேயே நிறுவ முற்பட்டுள்ளார். அத்துடன், புதிதாக வாங்கிய ஊர்தியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின்னரே அதனைச் செலுத்தும் வழக்கத்தையும் ஓர் இயலாகச் சேர்த்துள்ளார். ஊர்திகளையே ஆக்கும் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் அது மிகப் பொருத்தமான பொருள். அதனை விலக்கிய சட்டம் எதுவும் இல்லை. எனவே பிற்காலத்தார்க்கு எந்த விலக்கு விதியும் அதனைக் கூறாது. விலக்கப்படாமையால் ஏடேறாது போகும் வழக்குகள் விலக்கப்பட்டவற்றினும் பலவாம். அவற்றை எழுதி வைத்தல் கள ஆய்வு செய்யும் நம் மாணவர் கடன். இந்நான்கு அளவைகளிலும் குறையுளதாயின் அறிஞர் எடுத்துக்காட்டித் திருத்துவாராக.